கோல்டிங்கில் ஒரு பாரணை

‘கந்தசஷ்டி மூன்றாம் நாள். திங்கள். மழை. பின்னேரம் பெரியப்பாவைப் பார்க்க வேண்டும்.’

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை என் நாட்குறிப்பில் எழுதிய வரிகள் இவை. நாள், கிழமை, வானிலை மூன்றையும் குறிக்காமல் எனக்குப் பொழுது விடியாது. அப்படிக் குறித்தவனுக்கே கந்தசஷ்டிக்கும் பெரியப்பாவுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

பெரியப்பா டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார்கள். நான் போனபோது கதிரையில் சரிந்து கிடந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கை நடுங்கியது. அழைப்பு மணியை அழுத்தினேன்.

தாதி ஓடிவந்து விரலில் குத்திச் சோதித்தார். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தோடம்பழச் சாற்றை அவர் வாயருகே பிடித்தார். பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

“குடியுங்கோ பெரியப்பா.”

“விடடா. நான் விரதம்.”

அவர் சொன்னதைத் தாதிக்கு டேனிஷில் சொன்னேன். எஸ்பியர்க் நகரில் இருக்கும் அவர் மகளை, என் அக்காவை, தொலைபேசியில் பிடித்தேன்.

“விசர்க் கதை கதையாதை. அப்பா விரதத்தை விட்டு எத்தினை வருஷம்! காலமை வடிவாச் சாப்பிட்டவர் எண்டு அவையள்தானே சொன்னவை.”

இல்லத்தவர்கள் அப்படிச் சொன்னது தட்டைப் பார்த்து. அவர் சாப்பிடுவதைப் பார்த்த பிறகே ஊசி என்பது அந்த இல்லத்தின் விதி. ஆனால் அவர் அறையிலேயே சாப்பிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். வெறும் தட்டைக் கண்டு ஊசியைப் போட்டுவிட்டார்கள். சாப்பாடு யன்னல் வழியே கடற்பறவைகளுக்குப் போனது பிறகுதான் தெரிய வந்தது.

உதவிக்கு வந்த பணியாளர், பெரியப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றுவோமா என்றார். தாதி மறுத்தார். கடித்த வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். சர்க்கரையை உடனே ஏற்றும் அவசர ஊசி அங்கே இல்லை. பெரியப்பாவின் கண்கள் செருகத் தொடங்கின.

அப்போது தாதி என் பக்கம் திரும்பி டேனிஷில் கேட்டார்: “இந்த விரதத்தை நீங்கள் எப்படி முடிப்பீர்கள்?”

பூசை செய்து, திருநீறு பூசி, பிறகு பாரணை என்றேன். தீபம் ஏற்றுவோம் என்றும் சொன்னேன். அங்கே நெருப்புக்குத் தடை. அவர் ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்த பட்டரி மெழுகுதிரியைக் கொண்டுவந்து பெரியப்பா அறையில் வைத்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார். படத்தடியில் இருந்த திருநீற்றை எடுத்துப் பெரியப்பாவின் நெற்றியில் பூசினேன்.

“பெரியப்பா, பூசை முடிஞ்சுது. பாரணை பண்ணுங்கோ.”

தாதி முழங்காலில் இருந்து, வலக்கையால் குவளையை நீட்டினார். பெரியப்பா படத்தைப் பார்த்தார், தாதியைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒரு மிடறு. இன்னொன்று.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தபோது அவர் என்னை ஏசிக்கொண்டிருந்தார்: “ஆறு நாளும் பிடிக்க விடமாட்டியள், என்ன? சூரனிலும் பார்க்க மோசமான ஆக்கள்!”

அடுத்த கிழமை இல்லத்தின் பொறுப்பாளர் அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். வெறும் தட்டைச் சாட்சியாக எடுத்தது தங்கள் பிழை என்று நேரடியாகவே சொன்னார். பிறகு கேட்டார்: மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொன்ன நீங்கள், விரத நாட்களை ஏன் சொல்லவில்லை? பெரியப்பா விரதத்தை விட்டுவிட்டார் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். அவரைக் கேட்டதே இல்லை. இப்போது விரதம் வருமுன் வைத்தியரோடு அவரையும் இருத்தி, பால், பழம், ஊசியின் அளவு எல்லாம் பேசிக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை. ஏழாம் நாள் செய்யவேண்டிய பாரணையை மூன்றாம் நாளே செய்யச் சொன்னதை அவர் நம்பித்தான் குடித்தாரா, அல்லது முழங்காலில் இருந்த அந்தப் பெண்ணுக்காகக் குடித்தாரா? கேட்டால் நினைவில்லை என்கிறார். எதுவானாலும், நாங்கள் எல்லோரும் அவரைக் குடிக்கச் சொல்லிக் கத்திய அறையில், அவருடைய விரதத்தைப் பற்றிக் கேட்டவர் அந்தத் தாதி ஒருவர்தான் என்பது எனக்கு மறக்கவில்லை.