சாமியாரைச் சாட்சிக்குக் கூப்பிட்ட நாள்

1. எந்தப் பெயரைக் கூப்பிடுவது

அன்று காலை நான் விசாரணை ஹால் கதவைத் திறக்கும் முன்பே படியில் பக்தர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். காவி வேட்டி கட்டிய ஒருவர் என் தோளில் கிடந்த டவாலிப் பட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்கதான் பேர் கூப்பிடறவரா?"

"ஆமாங்க."

"எங்க சாமியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"சம்மன்ல என்ன இருக்கோ அதைத்தாங்க."

"அதான் தப்பு. சம்மன்ல இருக்கிறது அவங்க அப்பா அம்மா வச்ச பேரு. அந்தப் பேரு செத்துப்போச்சு. சந்நியாசம் வாங்கறப்பவே தனக்குத் தானே கருமாதி பண்ணிக்கிட்டாரு. செத்த ஆள் பேரைச் சொன்னா சாமி எப்படிங்க உள்ள வருவாரு?"

கிளாஸ்களைச் சேகரித்துக்கொண்டிருந்த டீக்கடை ரஹீம் பாய் அதைக் கேட்டுவிட்டு, "இது தெரியாமப் போச்சே, நானும் ஒரு கருமாதியை முடிச்சிருந்தா கடன்காரன் ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்" என்றார். காவி வேட்டிக்காரர் முறைத்தார்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சி கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சிகளின் பெயரைக் கூப்பிடுவதும், ஹாலில் ஒழுங்கு பார்ப்பதும் என் வேலை. பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. மற்றதெல்லாம் வராண்டாவில் படித்தது. வராண்டாவில் ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றால் மனிதர்களைப் பற்றி ஒருவன் ஓரளவு கற்றுக்கொள்ளலாம். ஓய்வுக்குப் பிறகு ஒரு விசாரணைக் குழுவுக்கு ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். உறையூர் வீட்டிலிருந்து ஒரே பஸ். சரி என்று போனேன்.

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய அரசுக் கட்டடத்தில் அந்த விசாரணை நடந்தது. மத அமைப்புகள் நடத்தும் குழந்தைகள் விடுதிகளில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றியது. கொடுமை செய்தவர்கள் மேல் போலீஸ் கேஸ் தனியாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் விசாரணை கேட்டது வேறு கேள்வி. மேலே உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு இது தெரியுமா? தெரிந்தால் என்ன செய்தார்கள்? விசாரணை அதிகாரி ஓய்வு பெற்ற பெண் நீதிபதி. எல்லோரும் மேடம் என்போம்.

நான் உள்ளே போய் மேடத்திடம் பெயர் விவகாரத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. ஒருத்தர்தானே வரப்போறார்" என்றார்.

2. எழுந்து நின்ற அம்மா

அதற்கு முந்தைய வாரங்களில் மற்ற மதத்துப் பெரியவர்களும் வந்து போயிருந்தார்கள். ஒரு பாதிரியார், "ஆத்துமாவைக் கவனிக்கிறதுதான் என் ஊழியம், ஹாஸ்டலை ஆபீஸ் கவனிக்கும்" என்றார். ஒரு மதரஸா ஹஜ்ரத், "எனக்கு ஓதிக் கொடுக்கிறதோட சரி, மத்ததெல்லாம் கமிட்டிக்குத்தான் தெரியும்" என்றார். உடுப்புதான் வேறு வேறு. தலையை ஒரு பக்கம் சாய்த்து 'தெரியாது' என்று சொன்ன விதம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது.

இந்தச் சாமியாரின் ஆசிரமம் தொட்டியம் பக்கம் காவிரிக் கரையில். அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி. அதன் வார்டன் செய்த கொடுமைக்காக ஜெயிலில் இருந்தான். சில வருடம் முன்பு அவன் பிடிபட்டது வேறொரு பையன் பொறுக்கமாட்டாமல் போலீஸுக்கே போனதால். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே தான் நேரில் போய்ச் சாமியாரிடம் சொன்னதாக ஒரு தாய் மனு கொடுத்திருந்தார். செல்வி என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன். பூக்கட்டுவதற்கு வாழை நார் கிழித்துக் கட்டுக்கட்டாக ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து போடுகிறவர். மகன் பிரபு அந்த விடுதியில் சின்ன வயதில் இருந்தவன். இப்போது காட்டூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை.

பிரபு சொன்னதை மூடிய அறையில் பதிவு செய்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன்.

செல்வி சாமியாரிடம் சொன்னபோது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அதுதான் அந்த அம்மாவுக்குச் சங்கடம். ஊரில், "இவளுக்குப் புள்ளையை விட சாமி பெருசாப் போச்சு. மூடி மறைச்சிட்டு இப்ப வந்து நிக்கிறா" என்று பேசினார்களாம். "இவ அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா மத்த புள்ளைங்க தப்பிச்சிருக்கும்" என்று சொந்தத் தம்பியே சொன்னாராம். எல்லாவற்றையும் விட, அவர் போய்ச் சொன்னதை மகனே நம்பவில்லை. பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நான் இரண்டு பெயரையும் கூப்பிட்டேன். சாமியார் உள்ளே வந்தார்.

கோர்ட்டில் எல்லோரும் எழுந்து நிற்பது நீதிபதி வரும்போது மட்டும்தான். சாட்சி வரும்போது யாரும் எழுந்திருப்பதில்லை. நாங்கள் டவாலிகள் எப்போதுமே நிற்கிறவர்கள் என்பதால் யார் எழுந்தார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அன்று பக்தர்கள் எழுந்தார்கள், அது சரி. பத்திரிகைக்காரர்கள் எழுந்தார்கள். டைப்பிஸ்ட் அரைவாசி எழுந்துவிட்டு உட்கார்ந்தார். பெஞ்சில் செல்வியும் எழுந்து நின்றார். இரண்டு கையும் தானாகக் குவிந்துவிட்டன.

பிரபு நிமிர்ந்து பார்த்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். ஆனால் நான் பக்கத்தில் நின்றேன்.

"பாத்தியா. இப்பவும் எந்திரிக்கிற. நீயா அன்னைக்குப் போய் இந்தாளுகிட்ட சொல்லியிருப்ப?"

"சொன்னேன்டா."

"விடும்மா."

அந்த அம்மா உட்கார்ந்து முந்தானையால் கையை மூடிக்கொண்டார்.

3. ஆசாரம்

சாமியாரைப் பார்த்தால் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சாந்தமான முகம். குரலை உயர்த்தவே மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் தான் கொண்டுவந்த துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேடம் கேட்டார். "இந்த அம்மா உங்களை வந்து பாத்தாங்களா?"

"நித்தம் எத்தனையோ பேர் வந்து விழுந்து சேவிக்கிறாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு நாம மனசுல வச்சுக்கறதில்ல. வச்சுக்கவும் கூடாது. அது எங்க தர்மம்."

"வார்டனைப் பத்திப் புகார் வந்துச்சா?"

"நமக்குத் தெரியாது."

"ஹாஸ்டல்ல என்ன நடக்குதுன்னு கேட்கவே மாட்டீங்களா?"

"அதெல்லாம் மேனேஜர் பாத்துப்பார்."

இப்படியே போனது. டைப்பிஸ்ட் 'தெரியாது' என்று அடித்துக்கொண்டே இருந்தார். இதுவும் மற்றவர்கள் கதை மாதிரிதான் முடியப்போகிறது, அறிக்கையில் 'நிரூபணமாகவில்லை' என்று ஒரு வரி வரும், இந்த அம்மா அந்த வரியோடு ஊருக்குப் பஸ் ஏறுவார் என்று நினைத்தேன். பிரபு மொபைலை எடுத்து மணி பார்த்தான்.

அப்போது ஆசிரமத்தின் வக்கீல் எழுந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நல்ல மரியாதையான மனிதர், எனக்குப் பல வருடப் பழக்கம். ஆசிரமம் ஒழுக்கமான இடம் என்று பதிவாகட்டும் என்பது அவர் எண்ணம்.

"சாமி, ஆசிரமத்தோட ஆசாரத்தைப் பத்தி மேடத்துக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ. ஒரு சின்ன அசுத்தம்னாலும் எப்படி எடுத்துப்பேள்னு."

சாமியார் முகத்தில் முதல் தடவையாக ஒரு களை வந்தது. இதைப் பற்றிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலப் பேச ஆரம்பித்தார். சமையல் எப்படி மடியாக நடக்கும், கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வார்கள், ஒரு சாவு விழுந்தால் என்னென்ன செய்வார்கள் என்று வரிசையாகச் சொன்னார்.

"அசுத்தம் நடந்த இடத்தை நாம அப்படியே விடமாட்டோம். இந்த விஷயத்துலயே கூட, அந்தப் பையன் இருந்த அறையில ஹோமம் வளர்த்து, தீர்த்தம் தெளிச்சு, நாமே கூட நின்னு புண்யாகவாசனம் பண்ணிவச்சோம். அறை முழுக்கச் சுண்ணாம்பு அடிச்சதுக்கப்புறம்தான் திறந்துவிட்டோம். ஒரு குறை வைக்கல."

வக்கீல், "சாமி..." என்றார். அதற்குள் மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார்.

"எப்போ பண்ணினீங்க?"

"அந்த அம்மா வந்து அழுதுட்டுப் போன மறுநாள் காலம்பற. தள்ளிப்போடக் கூடாதே."

வக்கீல் மெதுவாக உட்கார்ந்து பேனாவை மூடினார். சாமியார் எல்லோர் முகத்தையும் பார்த்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரியவில்லை. மேடம் நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அது லௌகீகம். நாம அதுல தலையிடறதில்ல."

"வார்டனை என்ன பண்ணினீங்க?"

"காவிரியில குளிச்சு, விரதம் இருந்து, பிராயச்சித்தம் பண்ணிக்கச் சொன்னோம். சிரத்தையாப் பண்ணினார்."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் வேலையைப் பாத்தார்."

"அதே ஹாஸ்டல்லயா?"

"ஆமா. பரிகாரம்தான் ஆயிடுச்சே."

என் சர்வீஸில் கொலைகாரர்கள் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். செய்ததைச் சொல்லும் இடம் வரும்போது அவர்களுக்குக்கூடக் குரல் கம்மும், தொண்டையைச் செருமுவார்கள். இந்த மனிதர் ஒரு நல்ல காரியத்தைச் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னார். பக்கத்திலிருந்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது. பொய் எங்களுக்குத் தினசரிச் சாப்பாடு. அவர் இப்போது சொன்னது முழு உண்மை.

மேடம் கடைசியாக ஒன்று கேட்டார். "அந்தப் பையனுக்கு என்ன செஞ்சீங்க?"

சாமியார் யோசித்தார். மற்ற எதற்கும் அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போயிட்டான்னு நினைக்கிறோம்."

4. பஸ் ஸ்டாப்

மதியம் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். செல்வியும் பிரபுவும் வராண்டா பெஞ்சில் இருந்தார்கள். ரஹீம் பாய் கேட்காமலே இரண்டு டீ வைத்துவிட்டுப் போனார். நான் செல்வியிடம் கையெழுத்து வாங்க வேண்டிய வாக்குமூலத்தோடு பக்கத்தில் நின்றேன்.

"சொல்லியிருக்க" என்றான் பிரபு. அம்மாவைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"சொன்னேன்டா. கால்ல விழுந்து சொன்னேன். வெளிய யாருகிட்டயும் பேச வேணாம், பகவான் பாத்துப்பாருன்னு கையில குங்குமம் குடுத்தாரு. மறுநாள் வந்து உன்னயக் கூட்டிட்டுப் போனேன்."

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, ஹோமம் பண்ணாங்கங்கறது அந்த ரூமுக்கா?"

"ஆமாம்மா. அப்படித்தான் சொன்னாரு."

"அன்னைக்கு இவனைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னேன். ஆசிரமத்துப் பக்கம் இருந்து புகை வந்துச்சு. ஏதோ விசேஷம், நல்ல சகுனம்னு நினைச்சேங்க. அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்." மகனைத் திரும்பிப் பார்த்தார். "இவனையும் கும்பிடச் சொன்னேன்."

பிரபு, "ஞாபகம் இருக்கு" என்றான். நகர்ந்து வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தான். டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தாளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டேன்.

அறிக்கை போயிற்று. தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருந்ததற்காக அந்தச் சாமியார் மேல் கேஸ் போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. பக்தர்கள் அவரைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் தொட்டியம் பக்கம் செல்வியைப் பேசிய வாய்கள் கொஞ்சம் அடங்கின என்று நார் போட வந்த ஒரு பெண் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டவாலி என்றில்லை, டைப்பிஸ்டாக இருந்தாலும் சரி, வக்கீலாக இருந்தாலும் சரி. பெரிய மனிதரிடம் 'உங்களுக்குத் தெரியுமா' என்று கேட்டால் வருகிற பதில் தயாராக இருக்கும். இடத்துக்கு என்ன செய்தார்கள், தங்கள் பெயருக்கு என்ன செய்தார்கள், தப்புச் செய்த ஆளுக்கு என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் அவர்களே வாய் நிறையச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.