ஊசியக்காவும் காணாமல் போன முனையும்

அந்தத் தையல் தொழிற்சாலையில் முன்னூறு மிஷின்கள் ஓடின. அத்தனைக்கும் ஊசி கொடுப்பவள் ஒருத்திதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும். எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. பேச்சும் அதற்கேற்றபடி சுருக்கென்றுதான் இருக்கும்.

அவள் வேலைக்கு ஒரே ஒரு சட்டம். உடைந்த ஊசியை முழுசாகக் கொண்டுவந்து ஒப்படைத்தால்தான் புது ஊசி. மூன்றாக உடைந்தால் மூன்று துண்டும் வரவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த வரிசையே நிற்கும், தைத்த துணியையெல்லாம் உதறித் தேடுவார்கள். தைப்பது கைக்குழந்தைகளின் சட்டை அல்லவா, முனை துணியில் தங்கினால் எந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறுமோ! சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முனை கிடைக்காவிட்டால் அந்த மிஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. அதுவும் சட்டம்தான், யாரும் எழுதி வைக்காத சட்டம்.

ஒரு சமயம் சிறுவர்களுக்கான குளிர்சட்டை ஆர்டர் வந்தது. ஜிப்பின் நுனியில் அலங்காரத்துக்குப் பட்டன் அளவில் ஒரு திசைகாட்டி தொங்கும். கழித்துப் போட்ட சட்டையிலிருந்து ஒன்றை ஊசியக்கா அறுத்து வைத்துக்கொண்டாள். ஊசி டப்பாவின் பக்கத்தில் வைத்தாளோ இல்லையோ, முள் வடக்கை விட்டுவிட்டு டப்பாவைப் பார்த்துத் திரும்பியது. பிடித்தது பைத்தியம். மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் இவள் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பாள். முள் திரும்புகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் அம்புக்குறி போடுவாள். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் முள் நடுங்கியது. இரும்பு மேசைக்காலின் தலைப்பக்கம் முள்ளின் ஒரு நுனியை இழுத்தது, அடிப்பக்கம் மறு நுனியை இழுத்தது.

"அக்காவுக்குக் காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்று பெண்கள் சிரித்தார்கள்.

சிரித்தவர்களுக்குத்தான் அது பின்னால் உதவியது. இரும்புக்குப் பக்கத்தில் முள் பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டவள், மோட்டார் எதுவும் இல்லாத மூலையில் ஒரு மரப்பலகையைப் போட்டாள். புது ஊசியைக் கொடுக்கும் முன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் நாலு தேய்ப்பு தேய்த்துக் கொடுத்தாள். காந்தம் ஏறிய முனை உடைந்து எந்தத் துணி மடிப்பில் ஒளிந்தாலும் முள் காட்டிக்கொடுத்துவிடும். அரை நாள் தேடல் அரை மணியில் முடிந்தது. பல பேருடைய வேலை தப்பியது.

அண்ணன் போனபிறகு அவன் மகளை ஊசியக்காதான் வளர்த்தாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். பத்தொன்பது வயதானதும் அவளையும் அங்கேயே ஏழாம் மிஷினில் சேர்த்துவிட்டாள். மிஷின்களில் ஊசிக்கு முன்னால், உடைந்த துண்டு கண்ணில் தெறிக்காமல் தடுக்க, ஒரு கண் மறைப்பு இருக்க வேண்டும். வேலை சுணங்குகிறது என்று மேனேஜர் அதை எப்போதோ கழற்ற வைத்துவிட்டார்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் உடைந்த ஊசியோடு வந்து நின்றாள். இரண்டு துண்டு இருந்தது. முனையைக் காணவில்லை.

"என் மானத்தை வாங்கவே வந்தியாடி?" என்றாள் ஊசியக்கா. சொந்தக்காரி என்று சலுகை காட்டியதாக ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. அந்த வரிசையில் அன்று தைத்திருந்த நானூறு சட்டையையும் பலகைக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஒவ்வொன்றாக விரித்து, மேலே திசைகாட்டியை நகர்த்தினாள்.

"அத்தை, கண்ணுல என்னமோ உறுத்துது."

"அழுதா உறுத்தத்தான் செய்யும். போய் நல்லாக் கசக்கிக் கழுவிட்டு வந்து சட்டையை எடுத்துக் குடு."

பெண் போய்க் கசக்கிக் கழுவிவிட்டு வந்தாள். திரும்பவும் உறுத்துகிறது என்றாள், திரும்பவும் அதே பதில். அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்குமாம். அங்கே கிடைத்தது திட்டுதான்.

ஒரு மணிக்குக் கடைசிச் சட்டையும் முடிந்தது. முள் அசையவே இல்லை. வேறு வழி தெரியாமல் ஊசியக்கா அந்தப் பெண்ணின் கை, பின்னல், தோள் என்று திசைகாட்டியைக் கொண்டுபோனாள். முகத்துக்கு வந்தபோது முள் லேசாகத் திரும்பியது. ஹேர்பின்னாக இருக்கும் என்று கழற்றினாள், தோட்டையும் கழற்றினாள். வலக்கண்ணுக்கு நேரே பிடித்தாள், முள் சும்மா இருந்தது. இடக்கண்ணுக்கு நேரே கொண்டுபோனதும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது.

"கண்ணைத் திற தாயி" என்றாள். அந்தப் பெண்ணை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மேனேஜர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "அப்போ துணியில இல்லையே? நல்லவேளை. சட்டைப் பெட்டியை லாரியில ஏத்துங்கப்பா" என்றார். அந்த ஆளை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் முனையை எடுத்துவிட்டார்கள். பார்வையை எடுத்துவர முடியவில்லை. மறுநாள் டாக்டர் கட்டிலருகே வந்து மறைக்காமல் சொன்னார். "முதல்ல மேலாகத்தான் குத்தியிருக்கும்னு தோணுது. அப்படியே கை வைக்காம வந்திருந்தா இந்தக் கண்ணைக் காப்பாத்தியிருக்கலாம். கசக்கிக் கசக்கி உள்ளே இறங்கிடுச்சு. யாரும்மா உன்னைக் கசக்கச் சொன்னது?"

ஊசியக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். பெண் கட்டுப்போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் கசக்கினேன்."

முன்னூறு பேரை வாயாலேயே அடக்குகிறவளுக்கு, "நான்தான் சொன்னேன்" என்று சொல்ல அப்போது நாக்கு எழவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.