சார்ஜ் நிற்குமா?

ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடமாகியும் எனக்குச் சோற்றையும் பயணத்தையும் பிரித்துச் சொல்ல வரவில்லை. இங்கே அரிசிக்கு ‘ரைஸ்’, பயணத்துக்கு ‘ரைஸெ’. நம் நாக்கோ கடைசியில் ஒரு ‘உ’ போட்டு இழுக்காமல் விடாது. கடையில் ‘ரைஸு’ கேட்டால், எங்கே போகிறீர்கள் என்கிறார்கள்.

நான் வேலை செய்வது ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில். திரும்பத் திரும்ப சார்ஜ் போடக்கூடிய பெட்டரி. ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறுபக்கம் அயடீன், நடுவே உப்புத் தண்ணீரில் ஊறிய தாள். தீப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் அயடீனுக்கு இருக்கிற இடத்தில் இருப்புக் கொள்ளாது. சார்ஜ் ஏற ஏறப் பழுப்பாகக் கரைந்து, துத்தநாகத்தின் பக்கம் போய், ஏறிய சார்ஜைத் தின்றுவிடும். வெள்ளிக்கிழமை நிரப்பிவிட்டுப் போனால் திங்கட்கிழமை வெறும் கூடு. சார்ஜ் நின்றால்தான் எனக்கு மேலும் மூன்று வருட வேலையும் விசாவும். இரண்டு வருடமாக அது நிற்கவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

இங்குள்ள நம்மவர்கள் யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று கேட்பார்கள். மலைநாட்டில் தெரணியகலைப் பக்கம் றப்பர் தோட்டம் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு அப்போது கரண்ட் இல்லை. டிவி பார்க்கக் கார் பெட்டரிதான். அப்பா அதைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து டவுனுக்குப் போவார். கராஜ்காரரிடம் சிங்களத்தில் ஒரே கேள்வி: சார்ஜ் நிற்குமா? நிற்கும் என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் கல்யாணம் முடிவதற்குள் திரை சுருங்கிப் புள்ளியாகிவிடும்.

அப்பா ஒருநாள் றப்பர் வெட்டும் கத்தியில் விரலை அறுத்துக்கொண்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் அயடீன் பூசி அனுப்பினார்கள். அது காயுமுன் சோற்றில் கை வைத்தார். சோறு கருநீலமாகிவிட்டது. அம்மா விஷம் என்று பானையோடு கவிழ்த்துவிட்டாள். எல்லாரும் பட்டினி.

போன மாதம் பஸ்ஸில் இருக்கும்போது அந்தச் சோறு ஞாபகம் வந்தது. சோற்றிலுள்ள மாப்பொருள் அயடீனைப் பிடித்துக்கொள்ளும் என்பது பள்ளிப் பாடம்தான். எனக்கு வேண்டியதும் பிடித்து வைப்பதுதானே என்பது இந்த மரமண்டைக்கு அன்றுதான் ஏறியது. பேராசிரியையின் அறைக்கு ஓடினேன். பதற்றத்தில் மற்ற ஜெர்மன் எல்லாம் மறந்து, ‘ரைஸு’ என்று மட்டும் வந்தது. அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

“திரும்பி வருவீர்களா?”

இலங்கையில் யுத்தம் நடக்கிறது, வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். நான் எங்கும் போகவில்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஏனோ அது உடனே வாயில் வரவில்லை. கடைசியில் பலகையில் சோற்றுப்பானை வரைந்து விளங்கவைத்தேன்.

அயடீன் பக்கத்தில் அரிசி மாவைச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை ஏற்றிய சார்ஜில் பெரும்பகுதி திங்கட்கிழமையும் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு போன் எடுத்தேன்.

“சார்ஜ் நிக்குதா தம்பி?” என்றார் அப்பா.

“நிக்குதுப்பா.”

“அப்ப நீயும் அங்கேயே நின்னுருவ.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

மறுநாள் பெட்டரியைப் பிரித்துப் பார்த்தோம். அரிசி மாவு பூசிய பக்கம் அந்தச் சோற்றின் நிறம். நடுவே வைத்த தாளை எடுத்துத் திருப்பினேன். துத்தநாகத்தைத் தொட்டிருந்த பக்கத்தில் மங்கலாக ஒரு பழுப்புக் கறை. இவ்வளவு கசிந்தால் பரவாயில்லை என்று பேராசிரியை குப்பைக்கூடையைக் காட்டினார். நான் அந்தத் தாளைக் காயவைத்துக் குறிப்பெழுதும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டேன். எவ்வளவு பிடித்து வைத்தும் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தது.