ராணியைக் கொடுத்துப் பன்னி வாங்கிய சனிக்கிழமை

நான் பயந்தாங்கொள்ளி என்பதை என் மனைவி கண்டுபிடித்தது கல்யாணமான மறுவாரம். ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு கண்டுபிடித்தது எமர்ஜென்சி சமயத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மனைவி யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு எல்லாரிடமும் சொல்லிவிட்டது.

அப்போது எனக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று, பழைய வெள்ளைக்காரக் காசு. இன்னொன்று, அரசியல் பேச்சு. இரண்டுக்கும் இடம் ஒன்றுதான், மார்க்கெட் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை. ஜனங்கள் பழைய செம்பு பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் புதுக் குடம் வாங்கிக்கொண்டு போவார்கள். நசுங்கின சொம்போடு சேர்ந்து காலணா, அரையணா எல்லாம் தராசுத் தட்டில் வந்து விழும். கடை முதலாளி அவற்றைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார். அந்த டப்பாவைச் சுற்றி உட்கார்ந்த சங்கத்தில் மொத்தம் மூன்று பேர்: முதலாளி, தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் வேலைக்கு வரும் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான், ஆஸ்பத்திரி நர்ஸம்மா.

நர்ஸம்மா சேர்த்தது ஓட்டைக் காலணா மட்டும். யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்களே, அது. "ஓட்ட இருந்தா நூல்ல கோத்து ஆணியில மாட்டிடலாம். உங்கள மாதிரி டப்பாவத் தூக்கிகினு அலைய வேணாம்" என்பார்.

ராஜாக்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்னார் ஐந்தாமவர், இன்னார் ஆறாமவர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து அடிவாங்கியதே போதும். தலையில் முடியில்லாமல் இருந்தவர் மொட்டை ராஜா. அவருக்கும் தாடி உண்டு, ஆனால் மொட்டை முந்திக்கொண்டது. அவர் பிள்ளை, தாடி ராஜா. அவருக்குப் பிள்ளை, சவரம் ராஜா. ராணி ஒருத்திதான் என்பதால் வெறும் ராணி. என்னிடம் கொண்டை போட்ட இளம் ராணி வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. அதுதான் எனக்கு உயிர்.

ஆனால் நான் ஏங்கியது ராணிக்காக இல்லை. பன்னிக்காக. தாடி ராஜா பட்டத்துக்கு வந்த புதிதில் அடித்த ரூபாயில், அவர் அங்கியின்மேல் குட்டியாக ஒரு யானை இருக்கும். செதுக்கியவன் யானையைப் பார்த்திருக்கமாட்டான் போல. தும்பிக்கை சரியாக விழாமல் அது அசல் பன்னியாகிவிட்டது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். வெள்ளைக்காரன் அவசர அவசரமாக ரூபாயைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டு, மறு வருஷம் தும்பிக்கையை நீட்டி வேறு அடித்தான். உருக்காமல் தப்பித்த பன்னி ரூபாய் எங்கேயாவது ஒன்றிரண்டு இருக்கும். அதில் ஒன்றைக் கையில் பிடித்துவிட வேண்டும் என்று நான் மாரிகுப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வரை பார்த்தவர்களையெல்லாம் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

எமர்ஜென்சி வந்ததும் முதலாளி கடைச் சுவரில் 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று போர்டு மாட்டினார். மாட்டிய கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, "டில்லியில இன்னா சார் விசேஷம்?" என்றார். வாயை அடக்க முடியாத மூன்று பேர் என்ன செய்வோம்? காசு பாஷையிலேயே அரசியல் பேசக் கற்றுக்கொண்டோம். டில்லி அம்மா, ராணி. எதிர்க்கட்சிக்காரர்கள், ஓட்டைக் காசு. ("ஏன், என் காசுதான் கெடச்சிதா?" என்று நர்ஸம்மா சண்டைக்கு வந்தார்.) ஜெயில், டப்பா. நாட்டை ஒழுங்குபடுத்துகிறோம் என்று சொன்னார்களே, அதற்குப் பெயர் பாலிஷ். பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பார்க்க நன்றாக இருக்கும். மூக்கும் முழியும் போய்விடும். காசு சேர்ப்பவன் செய்யக்கூடாத ஒரே பாவம் அது.

"இன்னா மொதலாளி, ஓட்டக் காசெல்லாம் எங்க?"

"டப்பாவுல போட்டாச்சு சார்."

"ராணி?"

"பாலிஷ் போட்டுகினு கீது."

இப்படிப் பேசிவிட்டு, டில்லியையே ஏமாற்றிவிட்டதாக மூன்று பேரும் டீ குடிப்போம். சிக்கல் என்னவென்றால், போகப்போக எங்களுக்கே எது காசு, எது அரசியல் என்று தெரியாமல் போய்விட்டது. அதில் என் பயம் வேறு. அப்போது சுரங்கம் டில்லி சர்க்கார் கையில் இருந்தது. ராணி தும்மினால் என் வேலைக்குத்தான் ஜலதோஷம் பிடிக்கும்.

இந்த நிலைமையில் முதலாளி ஒருநாள் என் காதில் சொன்னார்: "சார், பூதிகோட்டையில ஒர்த்தர்கிட்ட பன்னி கீதாம். ராணி குடுத்தா மாத்திக்குவாராம். ஞாயித்துக்கிழம வரச் சொல்லிக்கிறேன்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராணியைப் பிரிவதா? பன்னிக்காகப் பிரியலாம். பூதிகோட்டை என்றதும் தலைப்பாகை, தோளில் துண்டு, ராகி மூட்டை என்று ஒரு விவசாயியை நானே மனதில் வரைந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை பார்க்கிறமாதிரி சனிக்கிழமையே ராணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன். "கொஞ்சம் பாத்துக்க சார், சாப்ட்டு வந்துர்றேன்" என்று முதலாளி போய்விட்டார். நான் கல்லாவில் உட்கார்ந்தேன்.

வாசலில் பூட்ஸ் சத்தம். காக்கி பேன்ட், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய கிராப்பு. இடுப்பு பெல்ட்டின் பித்தளை பக்கிள் என் கண்ணைக் கூச வைத்தது. சட்டைப்பையிலிருந்து விசில் கயிறு தொங்கியது. சிஐடியேதான்!

"இங்க ராணியப் பத்திப் பேசறது யாரு?" என்றார்.

கல்லாவிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"எ... எந்த ராணி சார்?"

"உங்க மொதலாளிதான் சொல்லி அனுப்சாரு. டைம் ஆபீஸ்ல கீற ஒர்த்தரு ராணியக் குடுத்துர்றதுக்குத் தயாரா கீறாருன்னு. நீங்கதானா அது?"

காட்டிக்கொடுத்துவிட்டான் பாவி! அதனால்தான் சாப்பிடப் போகிறேன் என்று நழுவியிருக்கிறான்! ஜெயிலில் களி எப்படி இருக்கும், என் மனைவி எந்த அண்ணன் வீட்டுக்குப் போவாள், டைம் ஆபீஸில் என் நாற்காலிக்கு எவன் ஓடி வருவான் என்பது வரை ஒரே மூச்சில் யோசித்து முடித்தேன்.

அவர் மேஜைமேல் இருந்த தகரத்தைத் தட்டினார். "டப்பாவத் தொறங்க, பாக்கலாம்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைக் கேட்டில் சோதனை போடுவார்கள், தங்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று. கையைத் தூக்கு, வாயைத் திற. என் அப்பா அப்படி நின்றார், அவர் அப்பாவும் நின்றார். நான் அண்டர்கிரவுண்டு போகாத குமாஸ்தா. ஆனால் காக்கியைக் கண்டு, 'தொற' என்ற சொல்லும் காதில் விழுந்தால் ரத்தம் தானாக வேலை செய்கிறது. இரண்டு கையையும் தூக்கி, வாயை ஆவென்று திறந்துகொண்டு நின்றேன்.

"இன்னா சார், பல்லு வலியா?" என்றார் அவர்.

வாய் திறந்துதான் இருந்தது என்பதால் அப்படியே பேச்சும் வந்துவிட்டது. "சார், எவனோ தப்பாச் சொல்லிக்கிறான். நான் ராணியக் குடுக்கறதா? ராணிதான் சார் எனக்கு எல்லாம். ராணியாலதான் பங்காரப்பேட்டை ரயிலு டயத்துக்கு வருது."

"ரயிலா?"

"ரயிலு மட்டுமா சார்? ஆபீஸ்ல எல்லாரும் டயத்துக்கு வராங்க. நானே வரேன்! உசுரே போனாலும் ராணிய வுட்டுக் குடுக்கமாட்டேன். எளுதிக்கங்க."

அவர் டப்பாமேலிருந்து கையை எடுத்தார். முகத்தில் ஏமாற்றமும் மரியாதையும் கலந்திருந்தன. "உங்களுக்கு அது மேல இவ்ளோ உசுருன்னு எனக்குத் தெரியாது. ஆச வெச்ச பொருள பிடுங்கறது தப்பு. நான் வரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டேன்! சிஐடியைக் கும்பிட வைத்த முதல் குமாஸ்தா! விற்பனைக்கு வைத்திருந்த சொம்பில் தண்ணீர் பிடித்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா வந்தார்.

"இன்னா சார், பன்னி கெடச்சிதா?"

"எந்தப் பன்னி?"

"பூதிகோட்ட டிரில் மாஸ்டர் இப்பதான் போறாரே. மாசத்துக்கு ஒரு பையனக் கை ஒடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டாருவாரு, எனக்கு நல்லாத் தெரியும். நாளைக்கு வேல கீது, அதான் இன்னைக்கே ராணிய மாத்திகினு போலாம்னு வந்தேன்னாரு. உங்க மூஞ்சி ஏன் இப்டி ஆவுது?"

சொம்பு எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. செருப்பு ஒன்று கடையிலேயே நின்றுவிட்டது. மார்க்கெட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பூதிகோட்டை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் அந்த ஒட்ட வெட்டிய கிராப்பு. மூச்சு வாங்கியதில் நான் கோர்த்து வைத்திருந்த வாக்கியம் சிதறி, இரண்டே சொல் வெளியே வந்தது.

"பன்னி! சார்! பன்னி சார்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அவருக்கு அது ஆனை ரூபாய். பன்னி என்பது எங்கள் சங்கத்துப் பெயர் என்று அவர் எங்கே கண்டார்? படியிறங்கி வந்தார். கோபத்தில் பழக்கதோஷம் முந்திக்கொள்ள, விசிலை எடுத்து ஓங்கி ஊதினார். விசில் சத்தத்துக்கு அசல் கான்ஸ்டபிளே வந்துவிட்டார்.

"இன்னாயா கலாட்டா?"

"ஊரு முன்னாடி என்னப் பன்னின்றான் சார்!"

"அவரச் சொல்லல சார்! அவரு பாக்கெட்ல கீறத சொன்னேன்."

கான்ஸ்டபிள் அவர் பாக்கெட்டைப் பார்த்தார். "பாக்கெட்ல பன்னியா?"

"ரூபா சார். தாடி ராஜா நெஞ்சுல பன்னி. நான் ராணியக் குடுத்துட்டு..." என்றவன், யார் எதிரில் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்து நிறுத்தினேன். கைகள் இரண்டும் தாமாக மேலே போயின. வாய் ஆவென்று திறந்தது.

கான்ஸ்டபிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மைன்ஸ் ஆளா நீ? கையக் கீள போடு. உள்ள ஒண்ணும் இல்ல, வாயயும் மூடு."

கையை இறக்கி, ராணியை எடுத்துக் கான்ஸ்டபிளிடம் நீட்டினேன். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, இதுவா! எங்க மாமியா பொட்டியில ரெண்டு மொட்டத் தல ரூபா கீது, இன்னா தருவ?" என்றார். டிரில் மாஸ்டருக்கும் கோபம் இறங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்த அப்பவே குடுத்துக்கக் கூடாதா?" என்று பாக்கெட்டிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

அவர் பெல்ட் பக்கிளைவிட அதிகமாக மின்னியது ரூபாய்.

"உங்களுக்குக் குடுக்கறமேன்னு புளி, செங்கல் தூளு, பித்தள பாலிஷு எல்லாம் போட்டுத் தேச்சிகினு வந்தேன்" என்றார், பெருமையாக.

தாடி ராஜாவுக்குத் தாடியே பாதி இல்லை. அங்கி இருந்த இடம் என் மனைவி தேய்க்கும் தோசைக்கல்லாட்டம் வழவழவென்று இருந்தது. கண்டக்டர் விசில் கொடுக்கிறார். கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை ரகளை செய்துவிட்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ராணி பஸ் ஏறிப் போனாள்.

கடைக்குத் திரும்பி ரூபாயை மேஜையில் வைத்தேன். நர்ஸம்மா லென்ஸைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "பன்னியும் இல்ல, ஆனையும் இல்ல. அம்மத் தழும்பு மாதிரி ஏதோ கீது."

முதலாளி எட்டிப் பார்த்து, "பாலிஷ் போட்டுட்டாங்களா?" என்றார். அவர் காசைத்தான் கேட்டார். ஆனால் மூன்று பேருமே ஒரே நேரத்தில் சுவரிலிருந்த போர்டைப் பார்த்தோம். அன்றைக்கு முழுக்கச் சிரிப்புதான்.

அப்புறம் தேர்தல் வந்தது. முடிவை ரேடியோவில் கேட்டுவிட்டு முதலாளி கடையைக்கூடச் சாத்தாமல் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

"சார்! ராணி போச்சு!"

நான் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்: "அது பூதிகோட்டைக்குப் போயி எவ்ளோ நாளாச்சி மொதலாளி!"