நிலவேம்பு போட்ட விஸ்கி

என் வீட்டுக்காரருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. குக்கருக்கு எத்தனை விசில் என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுத்தான் அடுப்பை அணைப்பார். ஆனால் போடியில் எங்கள் சொந்தபந்தம் முழுக்க அவரைக் கப்பலில் பெரிய சமையல்காரர் என்றுதான் பன்னிரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தது. லீவில் வந்து இறங்கிய மறுநாளே யாராவது வளைகாப்பு, மொட்டை என்று சொல்லி பிரியாணி போட்டுத் தரக் கூப்பிடுவார்கள். கை சுட்டுவிட்டது, தோள்பட்டை பிசகிவிட்டது, லீவில் கரண்டி பிடிக்கக்கூடாது என்று கம்பெனி ஆர்டர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி நான்தான் அனுப்பிவைப்பேன். சமையல்காரர் என்ற பொய்யைக் கிளப்பிவிட்டவளும் நான்தான்.

அவர் வேலை பார்த்தது சுற்றுலாக் கப்பலின் பாரில். மது வகைகளைக் கலந்து கொடுக்கிற வேலை. பெண் பார்க்க வந்தபோது "ஓட்டல் லைன்" என்றார்கள், எங்கள் அண்ணனும் மேற்கொண்டு தோண்டவில்லை. கல்யாணம் ஆன பிறகு போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு முடிச்சு, முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் பாட்டில்கள். போனை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டேன். எங்கள் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். பொழுது சாய்ந்தால் கடை வாசலில் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு வருவது பத்து வயதிலிருந்து அண்ணனின் வேலை. அந்த அண்ணன் வந்து, "மாப்ளைக்குக் கப்பல்ல என்ன சோலித்தா?" என்று கேட்டபோது என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கிச்சன்லண்ணே."

பொய் சொன்னதற்கு இது காரணம் என்று சொல்கிறேனே தவிர, நியாயம் என்று சொல்லவில்லை. வெட்கம்தான். வேறு எதிலும் தலை குனியாதவள் நான். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பத்துப் பெண்களை வைத்து, ஏலக்காய் தரம் பிரித்துக் கொடுக்கிறேன். மலையிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கினால், சாக்கு வாயைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்தே அது எந்தப் பக்கத்துக் காய், எத்தனை நாளைக்கு முன்னால் உலர்த்தியது என்று சொல்லிவிடுவேன். ஏலக்காய்த் தரகு பார்க்கிற என் அண்ணனே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் காயைக் கொண்டுவருவார். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருடம் அவர் கப்பலை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். போடிமெட்டு தாண்டி, மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஒரு ஹோட்டலில் பாரைப் பொறுப்பெடுத்து நடத்தக் கூப்பிட்டார்கள். இந்த மலையில் விளைந்ததை வைத்து ஏதாவது ஒன்று கலந்து கொண்டுவாருங்கள், ருசி பார்த்துவிட்டுப் பேசலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் தூக்கம் போனது. கப்பல் எங்கேயோ கண்ணுக்கு எட்டாத கடலில் இருந்தது, அதனால் பொய்யும் தாக்குப்பிடித்தது. மலைக்கு மேலே என்றால் காலையில் ஏறுகிற ஜீப்பெல்லாம் நம் ஊர் ஜனம். ஒரே வாரத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள்.

அவருக்கும் அது தெரியும். "உங்க அண்ணன்ட்ட நீயே சொல்லிரு. அதுக்கப்பறந்தான் நான் வேலைக்கு மலையேறுவேன்" என்றார். "அடுத்தவன் வாயால அவருக்குத் தெரிஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் அசிங்கம்."

"சொல்றேன்" என்றேன். ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் எடுத்துக்கொண்டது மன்ஹாட்டன் என்கிற பழைய கலவை. விஸ்கி இரண்டு பங்கு, மூலிகை ஊறிய இனிப்பு ஒயின் ஒரு பங்கு, அதன் மேல் பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு இரண்டு மூன்று சொட்டு. அவ்வளவுதான். விஸ்கி, ஒயின், வாசனையில்லாத வோட்கா மூன்றும் வரும்போதே பெட்டியில் கொண்டுவந்திருந்தார். ஒயினை ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். கசப்புச் சாற்றை மட்டும், வழியில் மூடி கழன்று, அவருடைய நாலு சட்டைகள் குடித்துவிட்டன. அதைப் போடியில் எங்கே போய்த் தேடுவது? நாமே செய்துவிடலாம் என்றார்.

கசப்புக்கு என்ன போடலாம் என்று என்னைக் கேட்டார். நிலவேம்பு என்றேன். அதைவிடக் கசப்பான சாமான் எனக்குத் தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது கடைக்காரர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குத்தான் என்று சொல்லி இன்னொரு பொய்யைக் கணக்கில் ஏற்றிக்கொண்டேன். ஆரஞ்சுத் தோல், குரங்கணி மலைக் காப்பிக்கொட்டை கொஞ்சம், நிலவேம்பு, ஏலக்காய். எல்லாவற்றையும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வோட்கா ஊற்றி மூடி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஏலக்காய் நான் கொடுத்தது. கேட்டது ஏழெட்டு. நான் ஷெட்டுக்குப் போய், எட்டு எம்எம் சல்லடையில் நின்ற உருண்டைக் காயில், கிளிப்பச்சை நிறமாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு கை நிறையக் கொண்டுவந்து கொட்டினேன். யார் வீட்டு ஏலக்காய் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரிய வேண்டாமா?

பதினைந்து நாள் கழித்துத் திறந்து, சொட்டு விட்டுக் கலக்கி, ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். பாட்டிலைத் திருகி மூடினார்.

"கோவிச்சுக்காத. பாயாசம் மாதிரி இருக்கு."

கோவித்துக்கொண்டேன். என் ஷெட்டின் முதல் தரக் காயைப் பாயாசம் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் வெளியே போயிருந்தபோது பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். அவர் சொன்னது சரி. நிலவேம்பையும் காப்பியையும் அமுக்கிவிட்டு ஏலக்காய் மட்டும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அதிலும் மணம் மெலிசு, பச்சை வாடைதான் தூக்கல். போடிக்காரர்கள் நாங்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. சந்தையில் விலை நிறத்துக்கும் பருமனுக்கும். பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணும் அப்படியே பழகிவிட்டது. விருந்தாளி வந்தால் பச்சைக் காயாகப் பொறுக்கி நீட்டுவோம். மணத்தை மட்டும் கேட்டால் கதை வேறு. செடியிலேயே நன்றாக முற்றி, உலர்த்தும்போது வாய் வெடித்து, நிறம் வெளுத்துப்போகிற காய் இருக்கிறதே, அதற்குள்தான் அரிசி என்று நாங்கள் சொல்கிற விதை கறுத்து, பிசுபிசுவென்று எண்ணெய் கட்டி இருக்கும். அதைத் தனியாகத் தள்ளிக் குறைந்த தரத்தில் சேர்ப்பது என் வேலை. இது தெரிந்தும் பெருமைக்காகப் பச்சைக் காயைக் கொட்டியிருக்கிறேன்.

வெடித்த காயில் ஆறு எடுத்தேன். தோலை உரித்து எறிந்துவிட்டு அரிசியை மட்டும் ஒன்றிரண்டாகத் தட்டினேன். அவர் வந்ததும், "புதுசா ஒரு பாட்டில் போடுங்க. இத இப்பவே போடாதீங்க, கடைசி மூணு நாளைக்கு மட்டும் ஊறட்டும்" என்று காகிதப் பொட்டலத்தை நீட்டினேன். சமாதானம் ஆகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் அடுக்களை மேசையில்தான் இருவரும். அப்போதுதான் முதல்முறையாக அவர் வேலை செய்து பார்க்கிறேன். டிபன் பாக்ஸில் தண்ணீர் உறையவைத்து, அந்தக் கட்டியை உலக்கைப் பூணால் ஒரே தட்டில் நாலாக உடைப்பார். சில்லுச் சில்லாக உடைந்தால் அதை ஒதுக்கிவிடுவார், சீக்கிரம் கரைந்து தண்ணீர் விட்டுவிடுமாம். நீளக் கரண்டியை இரண்டு விரலில் பிடித்து, கண்ணாடியில் இடிக்காமல், சத்தமே வராமல் சுற்றுவார். குலுக்கக்கூடாது என்பார். வழக்கமாக அதில் போடுகிற செர்ரிப் பழத்துக்குப் பதில் வெல்லப்பாகில் ஊறிய பன்னீர் திராட்சை ஒன்று. மேசையில் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. எங்கள் ஷெட்டில் கைவேலை சுத்தமான பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் யாருக்கும் இந்தக் கை கிடையாது.

இத்தனைக்கும் அவர் குடிப்பதில்லை. நாக்கில் ஒரு துளி, உடனே வாய் கொப்பளித்துவிடுவார். பேச்சோடு பேச்சாக ஒருநாள் சொன்னார்: குடிக்க வருகிறவருக்கு நாக்குக் குழற ஆரம்பித்துவிட்டால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அதற்குமேல் ஊற்ற மாட்டாராம். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து, திட்டினால் வாங்கிக்கொண்டு, தோளைப் பிடித்து அறை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாராம். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டேன். எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு ஆள் எதிரே நின்றிருந்தால் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இந்த வேலைக்கா பன்னிரண்டு வருடம் வெட்கப்பட்டேன் என்று என் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

அப்படியும் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆத்திரம் வேறு, தைரியம் வேறு.

இரண்டாவது பாட்டில் சரியாக அமைந்தது. ஒரு திங்கட்கிழமை மேலே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் கடைசியாக ஒருமுறை கலக்கிப் பார்க்க மேசையில் எல்லாவற்றையும் எடுத்துவைத்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். ராசிங்காபுரம் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பேரனுக்குக் காதுகுத்து. அதற்குத் தாம்பூலத் தட்டோடு அழைக்க வந்திருக்கிறார். அவர் எப்போதும் வாசலில் நிற்கிற ஆள் இல்லை, பேசிக்கொண்டே நேராக அடுக்களைக்கு வந்துவிடுவார்.

"ஏத்தா, காப்பி கொண்டா. மாப்ளே, நீங்கதான் ஊரோட வந்துட்டீங்கள்ல, முந்நூறு பேருக்குக் கெடா வெட்டிப் பிரியாணி, உங்க பேரச் சொல்லித்தான் எல்லாரையும் கூப்…"

பேச்சு அங்கேயே நின்றது. மேசையில் விஸ்கி பாட்டில், ஒயின் பாட்டில், ஐஸ், கண்ணாடி கிளாஸ். பக்கத்தில் கரண்டியோடு அவர்.

"எத்தன நாளா மாப்ளே இது?" அண்ணன் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. அந்தக் குரலில் அவர் பேசியது அப்பாவிடம் மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கரண்டியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "கொஞ்ச நாளாத்தான் மச்சான். விட்டுர்றேன்."

என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று ஆகிவிட்டது. ஒரு வாய் விழுங்காத மனுசன், என் பொய் வெளியே வரக்கூடாது என்பதற்காக, குடிகாரன் என்ற பெயரை வாங்கிக்கொள்கிறார். அதுவும் குடிகாரனைக் கண்டாலே ஆகாத என் அண்ணனிடம்.

"அவரு குடிக்கலண்ணே" என்றேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "அவரு வேலையே இதான். பன்னண்டு வருசம் கப்பல் பார்ல நின்னு கலக்கிக் குடுத்தவரு. கிச்சன்லன்னு உங்ககிட்டச் சொன்னது என் பொய்யி. வெந்நி வைக்கக்கூடத் தெரியாது இவருக்கு. நாளைக்கு மலைக்கு மேல ஹோட்டல்ல இதே வேலை பேசப் போறாரு. நாந்தான் அனுப்புறேன்."

அண்ணன் தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னைப் பாத்துப் பயந்தா மறைச்ச?"

"பயமில்லண்ணே. வெக்கம்."

"இப்ப?"

"இல்ல." குழறுகிறவர்களுக்கு அவர் ஊற்றமாட்டார் என்பதையும், அறை வரைக்கும் கொண்டுபோய் விடுவதையும் சொன்னேன். அண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"நெசமாவா மாப்ளே? காசு நீட்டிக் கேட்டாலுமா?"

"கேக்கக் கேக்க ஊத்துறதுக்கு ஆள் எதுக்கு மச்சான்? கொழாய் போதும்."

அண்ணன் விஸ்கி பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அப்புறம், "சரி, கலக்குங்க. நான் குடிக்க மாட்டேன், பாக்குறேன்" என்றார்.

அவர் அந்தக் கிளாஸைக் கழுவித் துடைத்து, புதிதாக ஐஸ் உடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். அண்ணன் கண் கரண்டியை விட்டு நகரவில்லை. வடித்து முன்னால் வைத்ததும் தரகுப் பழக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் ஒருமுறை இழுத்தார். "காய் உன் காயி. தெரியுது. ஒரு கசப்பு வருதே, அது என்னத்தா?"

"நிலவேம்பு."

"காய்ச்சலுக்கு மூக்கப் புடிச்சுக் குடிக்கிறத, காசு குடுத்தா குடிக்கிறாங்ய?" என்று கேட்டுவிட்டு அண்ணன் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், "வெரசா சொல்லித் தொலச்சிருந்தா நான் வேற பிரியாணி மாஸ்டரப் பாத்திருப்பேன்ல" என்று என்னைத் திட்டினார்.

கிளாஸ் அப்படியே மேசையில் இருந்தது. கலக்கியவர் குடிக்கமாட்டார், அண்ணனும் தொடமாட்டார். நான் எடுத்தேன். அண்ணனின் புருவம் ஏறியது, தடுக்கவில்லை. ஒரு வாய் குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு தொண்டையில் சூடு, அடிநாக்கில் மெல்ல ஊர்ந்து வருகிற கசப்பு, எல்லாம் அடங்கிய பிறகு ஏலம்.

அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கப்பலில் நின்றது போலவே நின்றார்.

"எப்டி இருக்கு மேடம்?"

"சோலி தெரிஞ்ச மனுசன் கலக்குனது" என்று அண்ணனைப் பார்த்தே சொன்னேன். "எங்க வீட்டுக்காரரு."