சத்தம் வராத படிப்பு

வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் விளக்கு வைத்ததும் கொசுவர்த்திப் புகையோடு பிள்ளைகள் கத்திப் படிக்கும் சத்தமும் வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். ஒரு வீட்டில் இரத்த ஓட்டம், எதிர் வீட்டில் பானிபட் போர், எல்லாம் சேர்ந்து தவளைக் கச்சேரிதான். சத்தம் நின்றால் அடுப்படியிலிருந்து அம்மா, "இன்னாடி, வாய் ஓஞ்சிப் போச்சா?" என்பாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குப் பிள்ளை படிக்கிறது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி? அந்த வகையில் நான் தங்கமான பிள்ளை. என் தொண்டை டீக்கடை வரைக்கும் கேட்கும்.

பத்தாவது படித்த சாந்தி அக்கா அப்படியில்லை. பாடத்தை ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிட்டு, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருப்பாள். தடுக்கினால்தான் திறந்து பார்ப்பாள், பிறகு எல்லோருக்கும் முன்னால் தூங்கியும் போய்விடுவாள். "செவுத்துல இன்னா சினிமாவா ஓடுது?" என்று எங்கள் அப்பா, நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம், கேட்காத நாளில்லை.

தொண்ணூற்றொன்றில் பொங்கல் லீவு முடிந்ததும் அரையாண்டு மார்க் வந்தது. வகுப்பிலேயே அக்காதான் முதல். நைனாவின் முகம் கறுத்துவிட்டது.

"வூட்ல ஒரு நாளு வாயத் தொறந்து படிக்கல. இந்த மார்க்கு எங்கிருந்துடி வந்திச்சி? பாத்து எழுதினியா?"

"நீயே கேளு நைனா, சொல்றேன்" என்றாள் அக்கா.

அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் குடும்பத்தில் படிக்கத் தெரிந்த ஒரே பெரியவரான பெரியப்பா வந்து, அறிவியல் புத்தகத்தில் வரிக்குக் கீழே விரலை வைத்து உட்கார்ந்தார். இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை அக்கா தன் பேச்சில், செம்பரம்பாக்கம் ஏரி மதகு திறந்து மூடுவதைச் சொல்லி விளக்கினாள். சின்னவளான எனக்கே புரிந்தது. பெரியப்பாவின் விரலோ முதல் வரியைவிட்டு நகரவில்லை. "புக்குல இப்டி இல்லியே. ஒரு வார்த்த ஒத்து வரல" என்றார். பாவம், உள்ளதைத்தான் சொன்னார்.

"பப்ளிக் பரிச்சையில மாட்டிக்கினா மானம் போயிடும். வாணாம், நிறுத்திக்கலாம்" என்றார் நைனா. மறுநாள் அக்கா செங்கல் சூளைக்குப் போனாள். நான் கத்திப் படித்தே பாஸ் ஆனேன். அதில் ஒரு வரிகூட இன்று ஞாபகமில்லை.

போன மாதம் என் பையனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். திரையில் மூளைப் படம் போட்டு ஒரு டீச்சர் சொன்னார்: திரும்பத் திரும்பப் பார்த்தால் மனதில் நிற்காது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துத் தன் சொற்களில் சொல்லிப் பார்த்தால்தான் நிற்கும், நன்றாகத் தூங்கினால் இன்னும் உறுதிப்படும். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கோபமும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றியதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் படிக்கும் சத்தமில்லை, சூளை இருந்த இடத்தில் கம்பெனிச் சுவர் நிற்கிறது, நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேன்டீன் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி என் வீட்டுக்கு வந்த அக்காவிடம் டீச்சர் சொன்னதையெல்லாம் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்த எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? உள்ள நைனா போட்டோ கீது, அங்க போய்ச் சொல்லு" என்றாள். "சத்தமா சொல்லு. மெதுவா சொன்னா அவரு நம்ப மாட்டாரு."