புதுத் துண்டு போட்ட ஆடு

நான் வரைந்தது ஒரு ஆடு. வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு சைக்கிளில் போகிற ஆடு. கீழே, 'மாப்பிள்ளை ஆடு கல்யாணத்துக்குப் போகுது' என்று எழுதியிருந்தேன். கோவில்பட்டியில் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அதோடு சலூனில் முடி வெட்டிக்கொள்ளும் எருமை, டிக்கெட் கிழிக்கும் கோழி, செல்ஃபி எடுக்கும் கழுதை. எல்லாமே பிள்ளைகள் வண்ணம் அடிப்பதற்காக.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊரில் இருக்கிறது. தலைமையாசிரியரும் நானும்தான் ஆசிரியர்கள். ஊரில் இரண்டு தெரு. மேலத்தெருக்காரர்கள் நிலம் உள்ளவர்கள். கீழத்தெருக்காரர்கள் ஆடு வளர்ப்பவர்கள். கோடையில் இவர்கள் தங்கள் ஆடுகளை மேலத்தெருக்காரர்களின் காடுகளில் உரத்துக்காகக் கிடை போடுவார்கள். அந்த வருஷம் கிடை போடவில்லை. மாசியில் கோயில் வளைவுக்கு எந்த நிறத்தில் பெயிண்ட் அடிப்பது என்பதில் தொடங்கிய தகராறு, இரண்டு பேரின் மண்டை உடைந்து, பஸ் நிறுத்தத்தில் போலீஸ் வேன் வந்து நிற்பதில் முடிந்திருந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டிரண்டு நிறம் உண்டு. கொடியில், துண்டில், பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றில் எல்லாம் அந்த நிறங்கள்தான். அவை என்னென்ன நிறம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த ஊர், யார் என்று தெரிந்துவிடும்.

பெரியவர்கள் பேச்சை நிறுத்தியதும் பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பக்கம் மேலத்தெரு, மறுபக்கம் கீழத்தெரு. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் தரை. நான் பாடம் நடத்தினால் அந்த இடத்தைப் பார்த்துத்தான் நடத்த வேண்டியிருந்தது.

அதனால்தான் அந்தக் கோமாளிப் படங்கள். விளையாட்டுக்கு ஒரே ஒரு விதி: சரியான நிறம் அடித்தால் தோல்வி. எருமை கறுப்பாக இருக்கக் கூடாது. எருமையைப் பார்த்தால் காக்காயே சிரிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கிரேயான் பெட்டிகளை வேண்டுமென்றே குறைவாகக் கொண்டுபோய் நடுத்தரையில் கொட்டினேன்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பையன் எட்டி ரோஸ் நிறத்தை எடுத்து எருமைக்கு அடித்தான். எதிர்ப்பக்கத்தில் ஒரு பிள்ளை கோழிக்குப் பச்சைப் பல் வைத்தாள்.

"கோழிக்கு ஏதுட்டி பல்லு?" என்றான் அவன்.

"இது டவுன் கோழில்லா. கோவில்பட்டிக்குப் போயி பல்லு கட்டிட்டு வந்திருக்கு."

வகுப்பே சிரித்தது. எத்தனை நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு! தலைமையாசிரியர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் படங்களையெல்லாம் வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மாப்பிள்ளை ஆட்டுக்குத்தான் அன்றைக்கு முதல் பரிசு. நீலத் தாடி, ஊதாக் கொம்பு, தோளில் பளபளவென்று ஒரு துண்டு. அந்தத் துண்டின் நிறங்களை நான் கவனிக்கத்தான் செய்தேன். ஆனால் அது பிள்ளை அடித்த வண்ணம் என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தலைமையாசிரியர் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். பணி ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்த மனிதர். முகம் வெளுத்திருந்தது. போனை நீட்டினார். யாரோ வராந்தாக் கம்பி வழியாக ஆட்டைப் படம் எடுத்து, துண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். 'பள்ளிக்கூடத்துல நம்மள ஆடுன்னு சொல்லிக் குடுக்காங்க' என்று கீழே எழுதியிருந்தது. துண்டு மேலத்தெருவின் நிறங்களில் இருந்தது.

"கிழிச்சுப் போட்டிருங்க டீச்சர். படமே இல்லைன்னு சொல்லிருவோம்" என்றார்.

"போனில் இருக்கே சார்."

நாங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்குள் மேலத்தெரு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளை வகுப்புக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஆட்டுப் படத்தைக் கயிற்றிலிருந்து எடுத்து மடித்து என் பையில் வைத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. கிழித்தால் தப்பு செய்தோம் என்று நாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். அதைவிட, அதற்கு வண்ணம் அடித்த பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கீழத்தெரு ஆட்களும் வந்தார்கள். அவர்களுக்கு வேறு கோபம்.

"எங்க ஆட்டுக்கு அவிய துண்டைப் போட்டு ஊர்வலம் விடுதீங்களோ?" என்று ஒருவர் கத்தினார்.

இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ரோடு மட்டும்தான் இருந்தது. ஒரே படம் இரண்டு தெருவையும் ஒரே நேரத்தில் அவமானப்படுத்திவிட்டது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். மேலத்தெருப் பையன்கள் சிலர் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் இருந்த போலீஸ்காரர் வேனுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். வேன் அன்றைக்கென்று கயத்தாறுக்குப் போயிருந்தது.

மேலத்தெருக் கூட்டத்துக்கு முன்னால் நின்றவரை எனக்குத் தெரியும். வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா. தினமும் பைக்கில் கொண்டுவந்து விடுவார். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு அவர் தோளிலும் அதே நிறங்களில் புதுத் துண்டு.

"யாரு டீச்சர் இதை வரைஞ்சது?"

"நான்தான் அண்ணாச்சி."

"படத்தைக் கேக்கல. கலர் அடிச்சது யாரு?"

எனக்குத் தெரியும். அவர் மகள்தான் அடித்தாள். சொன்னால் அந்தப் பிள்ளை என்ன ஆவாள் என்று நினைத்தேன்.

"அதுவும் நான்தான்" என்றேன்.

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. தலைமையாசிரியர் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. அப்போது எனக்குப் பின்னால் கதவு திறந்தது.

"டீச்சர் பொய் சொல்லுதாவ. நான்தான் அடிச்சேன்."

அவள்தான். முதல் பரிசு வாங்கிய படத்தை நான் என்னுடையது என்று சொன்னதில் அவளுக்குக் கோபம். வராந்தாப் படியில் வந்து நின்றாள். அவள் அப்பாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவரையே பார்த்தார்கள்.

"எதுக்குட்டி ஆட்டுக்கு நம்ம துண்டைப் போட்ட?"

"அது மாப்பிள்ளைல்லாப்பா. கல்யாணத்துக்குப் போகுது. உங்க துண்டுதான் புதுசா இருந்துச்சு."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்தது.

அவள் நிறுத்தவில்லை. "துண்டு மட்டுந்தான் நான். ஆடு அவ அடிச்சா" என்று வகுப்புக்குள் கையைக் காட்டினாள். கதவிடுக்கில் கீழத்தெருப் பிள்ளை ஒருத்தி நின்றிருந்தாள். "ஆட்டைப் பத்தி அவளுக்குத்தான் தெரியும். தாடி எப்படி இருக்கும்னு அவதான் சொன்னா."

அந்தத் தாளை இரண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். நான் மறுபக்கம் திரும்பியிருந்தபோது, அந்த நடுத்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அடித்திருக்கிறார்கள்.

அவர் படியேறி வந்து கையை ஓங்கினார். நான் பிள்ளையை இழுத்து என் பின்னால் நிறுத்தினேன். ஓங்கிய கை எனக்கு முன்னால் நின்றது. அது இறங்குமா, இறங்கினால் யார் மேல் இறங்கும் என்று தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை.

"பச்சப்பிள்ளையைப் போயி அடிக்க வாரீங்களே! ஏன், ஆடுன்னா அம்புட்டுக் கேவலமா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். தாடி அடித்த பிள்ளையின் அம்மா. கீழத்தெரு ஆட்களே அந்த அம்மாளை அதட்டினார்கள். மாசிக்குப் பிறகு ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவை நோக்கி யாரும் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. இனி கல் பறக்கும் என்றுதான் நினைத்தேன். போலீஸ்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். தொப்பியை இறுக்கிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார்.

பிள்ளையின் அப்பா திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார். கையை இறக்கி மகளின் கையைப் பிடித்தார்.

"வாட்டி" என்றார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து போனார். முன்னால் நின்றவரே போய்விட்டதும் மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் சத்தம் போட்டார்கள். வெயில் ஏறியது. வேன் வந்து சேர்ந்தபோது ரோட்டோரத்தில் பாதிப் பேர்தான் இருந்தார்கள்.

அன்றைக்கே கல்வித்துறை மேலதிகாரி வந்தார். வருஷம் முடிகிற வரைக்கும் பாடத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். கோழியும் எருமையும் கழுதையும் அலமாரிக்குள் போயின. மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் துண்டு அடித்த பிள்ளையின் அப்பா மகளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டார். அவள் உள்ளே ஓடினாள். அவர் போகாமல் நின்றார்.

"பிள்ளையளுக்குப் படம் வரைஞ்சு குடுங்க டீச்சர், வேண்டாங்கல. ஆட்டுக்குச் சட்டை துணி போடாதீங்க. ஆடு ஆடாவே இருக்கட்டும்."

"சரி அண்ணாச்சி."

"அந்தப் படம் எங்க?"

பையில்தான் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்டுக்கொண்டு நிற்கிறாரே என்று எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்க்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். எரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

மகள் மறுநாள் வகுப்பில் எல்லாரும் கேட்க அறிவித்தாள்: "எங்க அப்பா அதை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாவ. யாரும் பாக்கக் கூடாதாம்."

எதிர்ப்பக்கத்திலிருந்து தாடி அடித்த பிள்ளை எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், துண்டு மட்டுந்தானே அவ அடிச்சா. ஆடு என்னோடதுல்லா? திருப்பித் தரச் சொல்லுங்க."

இரண்டு பக்கமும் என்னையே பார்த்தன. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய தேதியை மெதுவாக எழுதத் தொடங்கினேன்.